பதியாது போன குரல்கள்

தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் கீழ் வகுப்புப் பிள்ளைகள் தாளம் போட்டுப் படிக்கும் பாடம் ஒன்றுண்டு. காகம் கரையும், குயில் கூவும், மயில் அகவும், ஆந்தை அலறும், கூகை குழறும், எருது எக்காளமிடும், பல்லி சொல்லும் என்று அது நீண்டு போகும். நாம் இதனை மரபு என்னும் தலைப்பின்கீழ் வைத்து, பிள்ளை பரீட்சையில் பிழையின்றி எழுதினால் போதும் என்று விட்டுவிடுகிறோம். சற்று நின்று யோசித்தால் இஃது எளிய பாடமன்று என்பது விளங்கும். ஒவ்வோர் உயிரின் குரலுக்கும் தனித்தனியே ஒரு வினைச்சொல்லை ஒதுக்கி வைத்த சமூகம், அக்குரல்களைக் காது கொடுத்துக் கேட்ட சமூகமாகவே இருந்திருக்க வேண்டும். மாடு மேய்த்தவனும், ஏர் உழுதவனும், தினைப்புனம் காத்தவளும் கேட்டுப் பிரித்தறிந்து வைத்ததைத்தான் நிகண்டு செய்த புலவர்கள் பின்னாளில் தொகுத்து ஏட்டில் ஏற்றினார்கள். புலவனுக்குப் பெயர் நின்றது. மாடு மேய்த்தவனுக்கு நிற்கவில்லை.

ஆயினும் சொல் வேறு, குரல் வேறு. 'அகவும்' என்று ஆயிரம் முறை எழுதினாலும் மயிலைக் கேளாத பிள்ளைக்கு மயிலின் குரல் கேட்டுவிடப் போவதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் அடுக்குமாடி வீட்டின் பதினான்காவது மாடியில் பிறந்து வளரும் பிள்ளை, 'எருது எக்காளமிடும்' என்று எழுதி முழுப் புள்ளியும் பெறுகிறது. அது எருதையும் கண்டதில்லை, எக்காளத்தையும் கேட்டதில்லை. குரலைக் குரலாகவே பிடித்து வைக்கும் யந்திரமோ உலகத்துக்கு வந்து ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அந்த யந்திரம் நாட்டுப்புறத்து உயிர்களின் விஷயத்தில் உலகில் என்ன செய்தது, நம் தோட்டப்புறங்களின் விஷயத்தில் என்ன செய்யாது விட்டது என்பதைப் பற்றியே இங்கு எழுதக் கருதினோம்.

அமெரிக்கரான எடிசன் 1877-ம் ஆண்டில் ஒலியைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியை இயற்றினார். முதலில் வெள்ளீயத் தாளிலும், பின்பு மெழுகு உருளையிலும் ஊசி கீறிய கோடே குரலாயிற்று. 1889-ம் ஆண்டில் ஜெர்மனி தேசத்துப் பிராங்க்பர்ட் நகரில், லுட்விக் கோக் என்னும் எட்டு வயதுப் பையனுக்கு அவன் தந்தையார் லைப்சிக் நகரத்துச் சந்தையிலிருந்து இத்தகைய கருவியொன்றை வாங்கி வந்து கொடுத்தார். பணக்கார வீட்டுப் பிள்ளை. வீட்டில் கூண்டுப் பறவைகளும் இருந்தன. அவன் கருவியின் வாயை ஒரு கூண்டின் முன் வைத்தான். அவ்வாறு பதிந்த குரலே, இன்று நமக்குத் தெரிந்தவரையில் உலகத்தில் முதன்முதல் பதிவான பறவைக் குரல்.

அந்தப் பறவை எது என்பதுதான் நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி. அது ஐரோப்பியப் பறவையன்று. ஆங்கிலத்தில் ஷாமா என்பர், தமிழில் சோலைப்பாடி, மலாய்க்காரர் முராய் பத்து என்பர். மேற்குத்தொடர் மலைக்காடுகளிலும், இலங்கையிலும், இங்கே கோலாலம்பூருக்கு அருகே உலு கொம்பாக் காட்டிலும் வாழும் பறவை அது. கரிய உடலும், செம்பழுப்பு வயிறும், நீண்ட வாலும் உடையது, மறைவிலிருந்து பாடும். நம் கீழ்த்திசைக் காட்டில் யாரோ ஒருவன் கண்ணி வைத்துப் பிடித்து, கைமாறிக் கைமாறிக் கப்பலேறிப் போன ஒரு பறவை, பனி பெய்யும் ஊரில் ஒரு கூண்டுக்குள் இருந்து பாடிற்று. உலகத்துப் பறவை ஒலிப்பதிவின் வரலாறு இவ்வாறு சிறைப்பட்ட ஓர் ஆசியக் குரலிலிருந்து தொடங்குகிறது. அதைப் பிடித்தவன் பெயரை எந்த ஏடும் சொல்லாது. இன்றும் பாட்டுப் போட்டிக்கென்று இப்பறவையைப் பிடித்துக் கூண்டிலடைத்து விலை பேசுகிறவர்கள் உண்டு. அதனாலேயே பல காடுகளில் அது அருகி வருகிறது. குரல் இனிதாக இருப்பதே அதற்குக் கேடாய் முடிந்தது.

கூண்டை விட்டுக் கருவி வெளியே போகக் காலம் பிடித்தது. 1900-ம் ஆண்டில் இங்கிலாந்தில் செரி கியர்டன் என்பவர் மெழுகு உருளைக் கருவியை வெட்டவெளிக்குத் தூக்கிச் சென்று, கட்டின்றித் திரியும் பறவைகளின் குரலைப் பதிந்தார். அக்கருவிக்குக் காது மந்தம். பறவை எதிரே வந்தமர்ந்து பாடினாலன்றிப் பதியாது. மின்சார ஒலிவாங்கி வந்த பிறகே காரியம் கைகூடிற்று. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 1929-ம் ஆண்டில் பேசும்படக் கருவியைக் கொண்டு பறவைக் குரல்களைப் பதிந்தனர். 1932-ம் ஆண்டில் குடைவான பெரிய கிண்ணம் ஒன்றின் நடுவே ஒலிவாங்கியைப் பொருத்தினர். தூரத்திலிருந்து வரும் ஒலி கிண்ணத்தின் உட்புறத்தில் பட்டு ஓரிடத்தில் குவியும். தூரத்துக் குரலைக் கேட்க நம் கிழவர்கள் காதின் பின்னே உள்ளங்கையைக் குவித்து வைப்பது எந்த நியாயமோ, அதே நியாயந்தான் இது.

லுட்விக் கோக் வளர்ந்து கச்சேரிப் பாடகராகி, பின்பு இசைத்தட்டுக் கம்பெனியில் அமர்ந்து, மீண்டும் உயிரினங்களின் குரலுக்கே திரும்பினார். அவர் யூதர். ஹிட்லரின் ஆட்சியில் அங்கே இருக்கவொண்ணாது 1936-ம் ஆண்டில் இங்கிலாந்தில் குடியேறினார். நாடிழந்து வந்த அந்த மனிதர் வண்டி நிறையக் கருவிகளை ஏற்றிக்கொண்டு, அந்நிய நாட்டின் வேலியோரங்களிலும் சதுப்புகளிலும் காத்துக் கிடந்து, அந்த நாட்டாருக்கு அவர்கள் நாட்டுக் குரல்களையே பிடித்துக் கொடுத்தார். உள்ளூர்க்காரனுக்கு நாள்தோறும் காதில் விழுவது செவியில் ஏறாது; வந்தேறியே அதை நின்று கேட்பான். 1974-ம் ஆண்டில் அவர் இறந்தார்.

இங்கிலாந்தில் பறவைக்கு மட்டுமன்றிப் பண்ணை விலங்குகளுக்கும் யோகம் அடித்தது. காரணம் ஆராய்ச்சியன்று, வானொலி நாடகம். நாடகத்தில் பண்ணை வீடு வந்தால் பின்னணியில் ஒரு பசு கத்த வேண்டும், ஒரு கோழி கொக்கரிக்க வேண்டும். அதற்காகப் பிபிசி நிலையத்தார் பதிந்து பதிந்து சேர்த்தனர். 2018-ம் ஆண்டில் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட ஒலிகளைப் பொதுமக்கள் கேட்கும்படி இணையத்தில் வைத்தனர். ஆங்கிலப் பண்ணையின் பசுவும் பன்றியும் கோழியும் இன்று எவர் கேட்டாலும் குரல் கொடுக்கின்றன.

நம் பக்கம் வருவோம். இசைத்தட்டுக் கம்பெனியின் ஆட்கள் 1902-ம் ஆண்டில் கல்கத்தாவில் இறங்கிக் கௌஹர் ஜான் அம்மையாரின் பாட்டைப் பதிந்தனர். அங்கிருந்து கிழக்கே சென்று சிங்கப்பூர் வரையிலும் பதிந்தனர். அவர்கள் வந்தது தட்டு விற்க. விற்கக்கூடிய குரலைத் தேடினார்கள். அதில் குற்றம் சொல்ல இடமில்லை. ஆராய்ச்சியாளர் வந்தபோதோ காட்டைத் தேடினார்கள். 1937-ம் ஆண்டில் அமெரிக்கக் குழுவொன்று சயாமின் வடபுறக் காடுகளில் கிப்பன் என்னும் வாலில்லாக் குரங்கின் காலைப் பாட்டைப் பதிந்து சென்றது. அருமையான வேலை. ஆனால் பாடகிக்கும் குரங்குக்கும் நடுவே, மேடையும் காடும் அல்லாத ஓரிடத்தில் இலட்சக்கணக்கான ஜனங்களும் அவர்களுடைய ஆடு மாடு கோழிகளும் வாழ்ந்த தோட்டம் ஒன்று இருந்ததே, அதன் குரலைப் பதியவேண்டும் என்று எந்தக் கம்பெனிக்கும், எந்தச் சர்க்காருக்கும் கடமை இருக்கவில்லை. அங்கே உழைத்தவர் கணக்கிற்குத் தலை எண்ணிக்கை. அவர் வளர்த்த பசு கணக்கிலும் இல்லை.

இனி, கிள்ளானுக்குள் எந்தப் பக்கம் நுழைந்தாலும் முதலில் காதில் விழும் குரலை எடுத்துக்கொள்வோம். காக்கைக் குரல். தமிழனுக்கு இதைவிடப் பழகிய ஒலி வேறில்லை. ஆதியிலிருந்தே இங்கு இருந்த பறவை என்றே பலரும் எண்ணுவர். அது பிசகு. ஊர்க்காகம் மலாயாத் தீபகற்பத்துக்குச் சொந்தமானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சிலாங்கூரில் துரைமார் காப்பி பயிரிட்டனர். காப்பிச் செடியில் பச்சைப் புழு விழுந்து இலையைத் தின்று தீர்த்தது. புழுவைத் தின்னும் என்று நம்பி, இலங்கையிலிருந்து காகங்களைக் கப்பலில் கொண்டுவந்து கிள்ளானில் விட்டனர். அதே கடல்வழியாகத்தான், ஏறக்குறைய அதே காலத்தில், அதே காப்பிக்காகத் தமிழ்க் கூலிகளையும் கொண்டுவந்தனர். பிறகு பிரேசில் நாட்டுக் காப்பி உலகச் சந்தையில் வெள்ளமாய்ப் பாய்ந்து விலை சரிந்தது. காப்பி போய் ரப்பர் வந்தது. புழுவும் போயிற்று. காகம் போகவில்லை, தமிழனும் போகவில்லை.

காகம் கிள்ளானிலிருந்து பெருகி நகரம் நகரமாகப் பரவிற்று. பின்னாளில் அது தொல்லை என்று முடிவாகி, நகராண்மைக் கழகத்தார் துப்பாக்கிக்காரர்களைக் கொண்டு சுடுவித்த செய்தி பலமுறை பத்திரிகைகளில் வந்தது. வேலைக்கென்று அழைத்து வந்தவரே, வேலை முடிந்தபின் 'பெருகிவிட்டாய்' என்று சுடுவது காக்கையோடு நின்றால் நல்லது.

இந்தக் காக்கைக் கதைக்கு ஒரு வால் உண்டு, அது குயில். புலவர்கள் கொண்டாடும் குயில் தானாகக் கூடு கட்டுவதில்லை, காகத்தின் கூட்டில் முட்டையிடும் என்பது ஊரறிந்த சங்கதி. இத்தீபகற்பத்தில் முற்காலத்தில் குயில் பெரும்பாலும் கரையோரங்களில், குளிர்காலத்து விருந்தாளியாகவே காணப்பட்டது. காகம் பெருகிக் கூடுகள் நிறைந்த பிறகே அது நகரங்களில் நிலையாகத் தங்கி இனம் பெருக்கத் தொடங்கிற்று. சிங்கப்பூரில் இஃது 1980-களுக்குப் பின் நன்றாகத் தெரிந்தது. இன்று பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் விடியுமுன் குயில் கூவுவதைக் கேட்டு, 'ஆகா, நம்மூர் வாசனை' என்று மகிழ்வோர் உண்டு. அந்த நம்மூர்க் குரல் இங்கே நிலைத்தது, துரைமார் காப்பிச் செடியில் விழுந்த புழுவினால்! 1890-ம் ஆண்டு விடியலில் ஒருவர் கிள்ளானில் ஒலிப்பதிவுக் கருவி வைத்திருந்தால் அதில் ஊர்க்காகமும் இராது. குயிலும் அரிதாகவே இருந்திருக்கும். ஒலிப்பதிவு என்பது வரலாற்று ஆவணம் என்று நாம் சொல்வது இதனால்தான். காகிதப் பத்திரம் நிலம் யாருடையது என்று சொல்லும். ஒலிப் பத்திரம் அந்த நிலத்தில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்லும்.

மாட்டின் கதையும் இப்படியே. மலாயாவுக்கு உரிய சிறு மாட்டினம் ஒன்று உண்டு. கெடா கிளந்தான் மாடு என்பர். பாலுக்காக நம்மவர் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த மாடுகள் இங்கே பல தலைமுறை கலந்து பெருகித் தனி வகையாகிவிட்டன. கால்நடைத்துறை நூல்களில் அதற்கு 'உள்ளூர் இந்தியக் கறவை மாடு' என்றே பெயர். உள்ளூர், இந்திய என்று இரண்டையும் ஒரே மூச்சில் அந்த மாட்டுக்கு வழங்கிவிட்டார்கள். மாட்டுக்குக் கிடைத்த இந்தப் பட்டம் அதை மேய்த்தவனுக்குக் கிடைக்க எத்தனை அலைச்சல்! கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் 1886-ம் ஆண்டில் இரயில் ஓடத் தொடங்குவதற்கு முன்னும், பின்னும் வெகுகாலம், சரக்கு ஏறியது மாட்டு வண்டியில். செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸிலிருந்து கல் ஏற்றிப் போன வண்டிகளின் அச்சு முனகல், கழுத்து மணி, ஓட்டுகிறவன் நாக்கை மடித்து எழுப்பும் சத்தம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அந்நாளைய கோலாலம்பூரின் ஒலி. அவ்வண்டிகளின் புகைப்படங்கள் இருக்கின்றன. படத்தில் மாடு வாய் திறந்திருக்கிறது, ஒலி இல்லை.

சேவல் மட்டும் இந்த மண்ணின் சொந்தக்காரன். உலகத்துக் கோழிகளுக்கெல்லாம் மூதாதை, தென்கிழக்காசியக் காடுகளில் வாழும் செங்காட்டுக்கோழி. சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் தாய்லாந்துப் பகுதியில் அது வீட்டோடு பழகியதென 2022-ம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி கூறுகிறது. செம்பனைத் தோட்டத்து ஓரங்களில் இன்றும் அக்காட்டுச் சேவல் கூவும். வீட்டுச் சேவல் கடைசி மாத்திரையை நீட்டும். காட்டுச் சேவல் அதைக் கத்தரித்தாற்போல் வெட்டி நிறுத்தும். தோட்டத்தில் வளர்ந்த கிழவர் இருட்டில் படுத்தபடியே 'இது வீட்டுக் கோழி, அது காட்டுக் கோழி' என்று சொல்லிவிடுவார். எழுத்தில் இரண்டுக்கும் 'கூவும்' என்னும் ஒரே சொல்தான்.

ரப்பர்த் தோட்டத்தின் ஒரு நாளைக் காதால் மட்டும் நினைத்துப் பார்ப்போம். வெயில் ஏறுமுன் மரத்தில் பால் நன்றாக ஓடும். ஆகையால் தோட்டம் இருட்டிலேயே விழித்தாக வேண்டும். சேவல், பிறகு பெரட்டுக்கு அழைக்கும் மணி, லயத்து நாய்கள், தகர வாளிகள் ஒன்றோடொன்று மோதும் ஓசை, கன்றுக்காகக் கத்தும் பசு. ஆட்கள் நிரைக்குள் போனபின் ஓர் அமைதி. நல்ல வெயில் காலத்து நடுப்பகலில் ரப்பர்க்காய் வெடிக்கும். முற்றிக் காய்ந்த காய் பட்டென்று பிளந்து விதைகளைத் தூர எறியும். கூரைத் தகரத்தில் அவை விழுந்து உருளும். மாலையில் கானாங்கோழி சாக்கடையோரம் விடாமல் கத்தும். இரவில் பக்கி என்னும் பறவை மரப்பலகையில் சுத்தியால் அடிப்பதுபோல் 'தொக், தொக்' என்று ஒலிக்கும். ஒரு மூச்சுக்கு எத்தனை அடி என்று பந்தயம் கட்டிப் பணம் தோற்றவர்கள்கூட உண்டு. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது இவற்றுள் பாதி ஒலி, மரத்தோடு சாய்ந்தது.

செம்பனை ஒரு புதுக் குரலையும் கொண்டுவந்தது. செம்பனைப் பழத்தை எலி தின்று நாசமாக்கும். எலிக்குச் சத்துரு கூகை. 1960-களின் கடைசியில் தீபகற்பத்தின் தோட்டங்களில் கூகை இனம் பெருகத் தலைப்பட்டதைக் கண்டு, 1980-களில் தோட்ட நிர்வாகங்கள் கம்பம் நட்டு அதற்கு மரப்பெட்டி வீடு கட்டிக் கொடுத்தன. நம்மவர்க்கோ அது சாக்குருவி! கூரைமேல் அது கிறீச்சிட்டால் வீட்டில் ஓர் உயிர் போகும் என்று நடுங்குவோம். தோட்டம் முழுதும் கூகைக்கு வீடு கட்டி வைத்து ஆண்டுக்கணக்கில் அது இரவெல்லாம் கத்தியும், செத்தது எலிதான். பல்லி சொல்லுக்குப் பஞ்சாங்கத்தில் பலன் தேடும் நாம், பல்லி ஏன் ஒலிக்கிறது, எப்போது ஒலிக்கிறது என்று ஒரு நாளேனும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததுண்டா? குரலைக் கேட்குமுன் பலனைக் கேட்டோம். கேட்கும் பழக்கம் குன்றியதற்கு இந்தச் சகுன புத்தியும் ஒரு காரணம் என்றே நாம் எண்ணுகிறோம்.

யந்திரம் விலை கூடியது, தூக்க முடியாதது, ஆகையால் கூலிக்காரன் என்ன செய்வான் என்று சமாதானம் சொல்லலாம். ஒரு காலம் வரையில் அது நியாயமே. 1963-ம் ஆண்டில் பிலிப்ஸ் கம்பெனியார் சிறு ஒலிநாடாப் பெட்டியை வெளியிட்ட பின்பு அந்தச் சமாதானம் மெல்ல மெல்லச் செல்லாக்காசாயிற்று. 1980-களில் தோட்டத்து லயங்களிலேயே அந்தப் பெட்டி வந்துவிட்டது. நம் வீட்டிலும் ஒன்று இருந்தது. அதை வைத்து நாம் என்ன செய்தோம்?

சினிமாப் பாட்டுப் பிடித்தோம். வானொலியில் வேண்டிய பாட்டு வரும்போது பெட்டியை அதன் வாயருகே வைத்து, வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாதென்று கட்டளையிட்டு, சிவப்புப் பொத்தானை அமுக்கினோம். ஒருநாள் பாட்டின் நடுவே கொல்லையில் கட்டியிருந்த செவலைப் பசு 'ம்மா' என்று நீளமாய்க் கத்திவிட்டது. அதன் கழுத்துமணி குலுங்க, எங்கோ ஒரு சேவல் கூவ, தாயார் 'கன்று அவுத்துக்கிச்சு, போய்ப் பாருடா' என்று குரல் கொடுக்க, பாட்டு கெட்டது. நமக்கு வந்த கோபத்தில் பசுவை அடிக்கவே போனோம். வேறு நாடா வாங்கக் காசில்லாததால் அது அப்படியே கிடந்தது.

அந்தத் தோட்டம் இன்றில்லை. கிள்ளானை அடுத்த பல தோட்டங்களைப் போல அதுவும் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. சென்ற ஆண்டு பழைய பெட்டி ஒன்றைத் துழாவியபோது அந்த நாடா அகப்பட்டது. ஓட்டிப் பார்த்தோம். அந்தப் பாட்டு இன்று எந்தக் கைப்பேசியிலும் ஒரு நொடியில் கிடைக்கும். இதைவிடத் தெளிவாகவே கிடைக்கும். பாட்டு நடுவில் வந்தபோது, சமையற்கட்டில் இருந்த அக்கா கரண்டியோடு வந்து நின்றார். 'தம்பி, அம்மா குரல் வந்துச்சே, அந்த இடத்தைத் திரும்பப் போடு' என்றார். போட்டோம். பிறகு, 'மாடு கத்தறதிலேருந்து போடு' என்றார். தாயார் காலமாகிப் பல ஆண்டுகள். அவர் குரல் என்று நம்மிடம் இருப்பது ஒரு பாட்டைக் கெடுத்த அந்த ஒரு வாக்கியந்தான். அதையும் பிடித்துக் கொடுத்தது நாமல்ல, அந்தப் பசு.

தற்செயலாய்ப் பதிந்தது வேண்டுமென்று பதிந்ததைவிட மேலாவது உலகத்துக்குப் புதிதன்று. இங்கிலாந்தில் சர்ரி என்னும் பகுதியில் ஒரு தோட்டத்து இராப்பாடிப் பறவையின் பாட்டைப் பிபிசி நிலையத்தார் 1924-ம் ஆண்டு முதல் மே மாதந்தோறும் அஞ்சல் செய்து வந்தனர். 1942-ம் ஆண்டு மே 19-ம் நாள் இரவு பறவை பாடிக்கொண்டிருக்கையில், ஜெர்மனியின் மான்ஹைம் நகரைத் தாக்கப் புறப்பட்ட 197 குண்டு விமானங்கள் தலைக்குமேல் போயின. பகைவனுக்குத் துப்பாகிவிடும் என்று நிலையத்தார் அஞ்சலை நிறுத்திவிட்டனர். தட்டில் பதிவது மட்டும் நிற்கவில்லை. பறவை பாட, விமானம் முழங்க, இரண்டும் ஒன்றாய்க் கலந்த அந்தத் தட்டு, அந்தப் போரைப் பற்றிய பல புத்தகங்கள் சொல்லாததைச் சொல்கிறது. அதில் விமானத்தை நீக்கிவிட்டுப் பறவையை மட்டும் வைத்தால் அது வெறும் பறவைப் பாட்டு.

ஆனால் தற்செயலையே நம்பி ஒரு சமூகம் தன் காதை விட்டுவைக்க முடியுமா? பிராங் பெசார் என்னும் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். முதல் உலகப்போரில் ஈடுபட்ட பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921-ம் ஆண்டில் காட்டை வெட்டித் திறந்தது. பெரும்போர் என்பதே பெயரின் பொருள். 1995-ம் ஆண்டில் அவ்விடத்தில் புத்ராஜெயா என்னும் நிர்வாகத் தலைநகர் எழத் தொடங்கிற்று. பிராங் பெசார், மெடிங்லி, காலவே, செட்ஜ்லி என்னும் நான்கு தோட்டத்து ஜனங்களும் டெங்கிலுக்கு அருகே தாமான் பெர்மாத்தாவில் மாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். மாடி வீட்டில் மாடு கட்ட இடமேது? முக்கால் நூற்றாண்டு ஒலித்த ஓரிடம், மாட்டு மணி முதல் பெரட்டு மணி வரை, சில ஆண்டுகளில் மௌனமாயிற்று. இன்று அங்கே மண்டபங்களும் ஏரியும் அழகாகவே இருக்கின்றன. அதை நாம் மறுக்கவில்லை. இடிப்பதற்கு முன் நிலம் அளக்க ஆள் வந்தான், மரம் எண்ண ஆள் வந்தான். ஒரு விடியற்காலை முழுதும் சும்மா உட்கார்ந்து கேட்க ஓர் ஆளை அனுப்ப எவ்வளவு செலவாகியிருக்கும்?

இன்று அந்தச் செலவும் இல்லை. கார்னெல் ஆட்கள் லாரியில் ஏற்றிச் சென்ற கருவியின் வேலையைச் சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசி ஓரளவு செய்கிறது. 2005-ம் ஆண்டில் இரண்டு டச்சுக்காரர்கள் தொடங்கிய செனோ-காண்டோ என்னும் இணையக் களஞ்சியத்தில், உலகெங்குமுள்ள சாதாரண ஜனங்கள் தாங்கள் பதிந்த பறவைக் குரல்களை இலவசமாகச் சேர்க்கிறார்கள். சோலைப்பாடியும் கிள்ளான் காகமும் அங்கே கேட்கக் கிடைக்கும். எனினும் அது காட்டுயிருக்கென்று அமைந்த இடம். கட்டுத்தறிப் பசுவுக்கு அங்கே இடம் கேட்பது முறையாகாது. அவ்வேலை நம்முடையது.

செய்து பார்த்ததில் நாம் அறிந்த சிலவற்றைச் சொல்லிவிடுகிறோம். காற்றே பெரும் பகை. ஒலிவாங்கியின் வாயில் கம்பளித் துணியோ பஞ்சோ கட்டாவிட்டால், கேட்டுப் பார்க்கையில் புயல் அடிக்கும். பதிவானபின் இடத்தையும், தேதியையும், மணியையும், யார் வீட்டு மாடு என்பதையும் நம் வாயாலேயே சொல்லிப் பதிந்துவிட வேண்டும். சொல்லாவிட்டால் பத்தாண்டு கழித்து அது யாரும் உரிமை கோராத பிணம்போலக் கிடக்கும். மனிதர் பேசினால் நிறுத்தச் சொல்லக் கூடாது. அந்தப் பாடத்தை நாம் நம் வீட்டு நாடாவில் படித்தோம். கிள்ளான் பள்ளத்தாக்கில் நெடுஞ்சாலை இரைச்சல் இல்லாத நாழிகை விடியற்காலை நான்கு முதல் ஐந்து வரைதான். அது தோட்டம் விழித்த அதே நாழிகை.

சென்ற மாதம் கிள்ளான் ஆற்றங்கரை மரங்களில் காகங்கள் அடையும் நேரத்தில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றோம். மோட்டார் சைக்கிளில் வந்த ஓர் இளைஞர் நிறுத்தி, 'என்ன அண்ணே, காக்காச் சத்தத்தையா பிடிக்கிறீங்க?' என்று சிரித்தார். அவர் கேள்வியும் அந்தப் பதிவில் இருக்கிறது; எடுக்கவில்லை.

கேரித் தீவுக்குப் போகும் வழியில், நிலம் விலைபேசப்பட்டுவிட்டதாகச் சொல்லப்படும் ஓரிடத்தில், ஐந்தாறு கறவை மாடுகளோடு ஒரு முதியவர் இருக்கிறார். மாடு கத்துவதைப் பதிய வரலாமா என்று கேட்டோம். எங்கே நகைப்பாரோ என்று தயங்கித்தான் கேட்டோம். அவர் சற்று யோசித்தார். 'மாடு எப்பவும் கத்தும் தம்பி. அதை எப்ப வேணும்னாலும் பிடிச்சிக்கலாம். விடியக்காலம் ஐந்து மணிக்கு வாங்க. வெறும் வாளியிலே முதல் பீச்சு விழறது ஒரு சத்தம், நுரை கட்டினதும் ஒரு சத்தம், நிறைஞ்சா வேற சத்தம். அதை வெச்சே எத்தனை லிட்டருன்னு இருட்டிலே சொல்லிடுவேன். அதைப் பிடிங்க' என்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை போவதாக இருக்கிறோம்.